மீன் கடிக்கவில்லையா? தை, மாசித் தூண்டிலுக்கு அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வடகிழக்கு மழை ஓய்ந்து ஆறு வடியத் தொடங்கும் தை, மாசிதான் நெல்லைச் சீமையில் தூண்டிலுக்கு நல்ல காலம். "ஒண்ணுமே கடிக்க மாட்டேங்குது அண்ணாச்சி" என்று தம்பிகள் அதிகம் வந்து நிற்பதும் இதே காலத்தில்தான். பெரும்பாலும் கையில் புது ராட் இருக்கும், புது ரீல் இருக்கும், பையில் விராலுக்குப் போடும் செயற்கை இரையான ரப்பர் தவளை நாலு இருக்கும். தண்ணீரை மட்டும் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணங்களை முதலில் வைத்திருக்கிறேன். கடைக்குப் போக வேண்டியது கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே போங்கள்.

தூண்டிலை எடுப்பதற்கு முன்

நிற்கும் இடம் சரியா என்று பாருங்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சேர்வலாறு, முண்டந்துறை எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே தூண்டிலை எடுக்கவே கூடாது. பாபநாசம் கோயில் படித்துறை மீன்கள் பக்தர்கள் பொரி போட்டு வளர்த்தவை; அவற்றின் பக்கமும் போக வேண்டாம். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். மற்றக் குளங்களில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைக்காரரைத் தேடிப்பிடித்து, "அண்ணாச்சி, கரையில இருந்து ஒத்தைத் தூண்டில் போட்டுக்கிடலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த குளம் பாருங்கள். குஞ்சு வாங்கி விட்டு, காவல் போட்டு வளர்த்தவர் அவர்.

## அறிகுறி 1: ஆற்றில் ஒரு கடிகூட இல்லை

தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா?

தாமிரபரணி வெறும் மழையாறு இல்லை. பிசான நெல் சாகுபடிக்காகப் பங்குனி வரை அணைத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். பாபநாசம் மின் நிலையத்தில் எவ்வளவு விடுகிறார்களோ அதைப் பொறுத்து மட்டம் ஏறி இறங்கும். கரையோரம் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

மெல்ல ஏறுகிறது என்றால் மீன் நடு ஆற்றை விட்டுக் கரையோரப் புல்லுக்கும் நாணலுக்கும் இரை தேடி வரும். தூரமாக வீசாமல் காலடியிலேயே போடுங்கள். மட்டம் சட்டென்று இறங்கினால் மீன் கசத்துக்குள், அதாவது ஆழமான மடுவுக்குள், ஒதுங்கிவிடும், ஆழமில்லாத இடத்தில் எதைப் போட்டாலும் பயன் இல்லை. இரண்டு நாளாக ஒரே மட்டத்தில் நிற்கும் தண்ணீர்தான் வேண்டும்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே இதை ஓரளவு தெரிந்துகொள்ளலாம். நெல்லைப் பதிப்பு நாளிதழ்களில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டமும், வரத்தும் வெளியேற்றமும் கனஅடியில் வரும். நேற்றைய வெளியேற்றத்தையும் இன்றையதையும் ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் ஆற்றை விட்டுவிட்டுக் குளத்துக்குப் போங்கள்.

இன்னொன்று, இது மீனைவிட முக்கியம். தெளிந்த தண்ணீர் திடீரென்று பழுப்பாக மாறினாலோ, சருகும் குச்சியும் அமலைச் செடியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, ஓட்டத்தின் சத்தம் கூடினாலோ, அந்த நிமிடமே கரையேறுங்கள். தூண்டில் நரம்பை அறுத்து, மாட்டிய மீனை விட்டுவிடலாம். நடு ஆற்றுப் பாறையில் நிற்கிறவருக்குத் திரும்பும் வழி முதலில் மூழ்கிவிடும்.

கலங்கலா?

கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விடுங்கள். விரல் நுனி தெரிந்தால் கவலை இல்லை. மணிக்கட்டோடு மறைந்துவிட்டால் மீனுக்கும் இரை தெரியாது, பளபளப்பான செயற்கை இரை வேலைக்காகாது. வாசனை உள்ள மண்புழுவுக்கு மாறுங்கள், ஓட்டம் குறைந்த ஓரத்தில் அடியில் கிடக்கும்படி போடுங்கள்.

அதைவிட நல்ல வழி, கலங்கல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதற்கு மேலே போவது. மணிமுத்தாறு கல்லிடைக்குறிச்சி அருகே சேர்கிறது. கடனாநதி திருப்புடைமருதூரில் சேர்கிறது. தருவை பக்கம் பச்சையாறு, சீவலப்பேரியில் சிற்றாறு. தென்காசி, குற்றாலம் பக்கம் மழை பெய்து சிற்றாறு செம்மண்ணாக ஓடும்போது, சீவலப்பேரிக்குக் கீழே உட்கார்ந்து நாள் முழுக்கக் காத்திருக்கிறவர்கள் உண்டு. அதே நேரம் சிற்றாறு சேரும் இடத்துக்கு மேலே ஆறு தெளிவாக ஓடிக்கொண்டிருக்கும். பேருந்துக் கட்டணத்தோடு தீரும் பிழை இது.

நேரம் சரியா?

"விடியக்காலம்தான் மீனுக்கு நேரம்" என்பது பங்குனி, சித்திரைக்குச் சரி. பனி விழும் தை மாதத்தில் விடியலில் ஓரத் தண்ணீர் குளிர்ந்து கிடக்கும், மீன் அசையாது. வெயில் ஏறி, ஓரம் கொஞ்சம் சூடு பிடித்த பிறகு, ஒன்பது மணிக்கு மேல் போட்டுப் பாருங்கள். மாசி பாதி தாண்டி வெயில் உறைக்க ஆரம்பித்ததும் பழையபடி காலையும் மாலையுமாக மாற்றிக்கொள்ளலாம்.

உங்களை மீன் பார்க்கிறதா?

மாசியில் ஆறு ஒடுங்கித் தெளிந்துவிடும். நீங்கள் மீனைப் பார்க்க முடிந்தால் அதுவும் உங்களைப் பார்த்துவிட்டது. சூரியன் உங்கள் முகத்தில் படும்படி நின்றால் நிழல் தண்ணீரில் விழாது. வெளிர்ச் சட்டை வேண்டாம். கரையில் தடதடவென்று நடக்கக் கூடாது, மண் வழியாக அதிர்வு போகும். ஓட்டத்துக்குக் கீழே இருந்து மேல் நோக்கிப் போனால் இன்னும் நல்லது. மீன் ஓட்டத்தை எதிர்த்து நிற்கும், முதுகு உங்கள் பக்கம் இருக்கும்.

ஆழம் சரியா?

வெறும் ஈயக்குண்டை மட்டும் கட்டிப் போட்டு இழுத்தால் அடி மணலா, பாறையா, சேறா என்று கைக்குத் தெரியும். ஆழமும் தெரிந்துவிடும். கெண்டை வகைகளுக்கு இரை அடியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி தக்கையை நகர்த்துங்கள். "எங்க அப்பா காலத்திலிருந்து இது கசம்" என்ற நம்பிக்கையில் ஒரே இடத்தில் போட வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்ததுபோல ஒரு வெள்ளம் படுகையையே புரட்டிப் போட்டுவிடும். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் இடத்தைப் புதிதாக அளந்து பார்ப்பதுதான் முறை.

இவ்வளவுக்கும் பிறகுதான் இரையும் நரம்பும். மண்புழு, மைதா உருண்டை, கடலைப் புண்ணாக்கு கலந்த தவிடு என்று மாற்றிப் பாருங்கள். தெளிந்த தண்ணீரில் தடித்த நரம்பு பளிச்சென்று தெரியும், கெண்டைக்கு 0.20 மில்லிமீட்டர் போதும். அதற்கும் கடிக்கவில்லை என்றால் அந்தப் பகுதியில் வலை போடும் மீனவரிடம் கேளுங்கள். எந்த மீன் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்த அளவு எந்தக் கடைக்காரருக்கும் தெரியாது. கேட்டு வாங்கிய உதவிக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுங்கள்.

## அறிகுறி 2: குளத்தில் மீன் மேலே தெரிகிறது, இரையைத் தொடவில்லை

மூன்று விதமாக இருக்கும். எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

விடியலில் கூட்டமாக மேலே வந்து வாயைப் பிளக்கிறது. இது பசி இல்லை, மூச்சுத் திணறல். பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கும் குளத்தில் இரவெல்லாம் பாசியும் மீனும் சேர்ந்து தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். சூரியன் உதிக்கும் நேரத்தில்தான் அது மிகக் குறைவு. அப்போது இரை போடுவது வீண், பாவமும்கூட. தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு வெயில் வரும் வரை பாருங்கள். வெயில் ஏறியதும் மீன் கீழே இறங்கிவிட்டால் அன்றைக்குத் தப்பித்தது. ஒன்பது மணி தாண்டியும் இறங்கவில்லை என்றால் குத்தகைக்காரருக்கு உடனே போன் போடுங்கள். கால்வாய்த் தண்ணீரைத் திருப்பிவிடவோ, மோட்டார் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சவோ அவரால் முடியும்.

செத்து மிதக்கிறது என்றால் எந்த மீன் செத்திருக்கிறது என்று பாருங்கள். கெண்டையும் கட்லாவும் செத்து, விரால் உயிரோடு இருந்தால் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவுதான், ஏனென்றால் விரால் மேலே வந்து காற்றையே குடிக்கும். விராலும் சேர்ந்து செத்துக் கிடந்தாலோ, தண்ணீரில் மருந்து வாடை அடித்தாலோ விஷயம் வேறு. வயல் வடிகாலில் பூச்சிமருந்து வந்திருக்கலாம், கழிவு கலந்திருக்கலாம். ஒரு மீனைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், மாட்டைத் தண்ணீரில் இறக்க விடாதீர்கள். மீன்வளத்துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் சொல்ல வேண்டிய கட்டம் இது.

ஒரே இடத்தில் சிவப்பாகப் பொடிக்குஞ்சுக் கூட்டம் கொப்பளிக்கிறது. விரால் குஞ்சுகள். தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் மேல் தவளையைப் போட்டால் காவல் நிற்கும் விரால் ஆத்திரத்தில் அடிக்கும். சுலபமாக மாட்டும் என்று சொல்லிக்கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பெரியது போன அரைமணி நேரத்தில் கொக்கும் மற்ற மீனும் சேர்ந்து குஞ்சுகளைத் தீர்த்துவிடும். ஒரு விராலுக்காக அடுத்த ஆண்டுக் கூட்டத்தையே இழக்கிறோம்.

அங்கங்கே துள்ளல், வட்ட வட்டமாக அலை. இதுதான் நல்ல அறிகுறி. மீன் மேல்தண்ணீரில் இருக்கிறது, உங்கள் இரை அடியில் கிடக்கிறது. தக்கையைக் கீழே இறக்கி, இரை மேலிருந்து ஒரு முழ ஆழத்தில் நிற்கும்படி செய்யுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

## அறிகுறி 3: தக்கை ஆடுகிறது, இழுத்தால் வெறும் முள்

தக்கை பொடிப்பொடியாக நடுங்கி நின்றுபோனால் குஞ்சு மீன் கொறிக்கிறது. இடத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் மாவை இன்னும் கெட்டியாகப் பிசையுங்கள். கொஞ்சம் பஞ்சு சேர்த்துப் பிசைந்தால் சீக்கிரம் கரையாது.

தக்கை நன்றாக அமிழ்ந்தும் மாட்டவில்லையா? முள்ளை நகத்தின் மேல் வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள். கீறிப் பிடித்தால் கூர் இருக்கிறது. வழுக்கினால் மழுங்கிவிட்டது. சின்ன அரத்தில் நாலு தேய்ப்பு போதும். பாறை அடியில் போடுகிறவர்கள் இதை அடிக்கடி பார்க்க வேண்டும். கூர் சரி என்றால் அளவைப் பாருங்கள்: கெண்டை வாய்க்குப் பெரிய முள் போகாது, 10 அல்லது 12 எண் முள் போடுங்கள். எண் கூடக்கூட முள் சிறிது.

ரப்பர் தவளையில் விரால் அடித்தும் மாட்டவில்லை என்றால், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சீக்கிரம் இழுத்துவிடுகிறார்கள். தண்ணீர் தெறித்ததும் கை தானாக இழுக்கும். அடக்குங்கள். நரம்பு தளர்வாக இருக்கட்டும். மீன் தவளையை உள்ளே இழுத்துக்கொண்டு நரம்பு நகர ஆரம்பித்ததும் ஓங்கி இழுங்கள். அப்புறமும் தவறுகிறது என்றால் தவளையை அமுக்கிப் பாருங்கள். ரப்பர் இறுகி முள் வெளியே வரவில்லை என்றால்தான் புதிது வாங்க வேண்டும்.

## அறிகுறி 4: மாட்டியது, அறுத்துக்கொண்டு போனது

அறுந்த நுனியைத் தூக்கி எறியாதீர்கள். காரணம் அதில்தான் இருக்கிறது.

நுனி சுருள் சுருளாக இருந்தால் முடிச்சு உருவிக்கொண்டது. முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனைக்க வேண்டும், உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு அந்த இடத்திலேயே கெட்டுவிடும். நுனி சொரசொரப்பாக, அதற்கு மேலேயும் கீறல் இருந்தால் பாறையில் உரசியது. முள்ளிலிருந்து இரண்டு முழத்தை விரலுக்கிடையே விட்டு இழுத்துப் பாருங்கள், கீறல் தட்டுப்படும் இடம் வரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். சுத்தமாக வெட்டியதுபோல் இருந்தால் பல் உள்ள மீன். வாளை இருக்கும் கசங்களில் இது நடக்கும். முள்ளுக்கு மேல் ஒரு சாண் மெல்லிய இரும்புக் கம்பி போடுங்கள்.

நுனியில் ஒன்றும் தெரியவில்லை, நரம்பு நடுவில் அறுந்தது என்றால் இரண்டு காரணம். ஒன்று, ரீலின் இழுவைத் திருகு அதிகம் இறுக்கமாக இருக்கிறது. நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்கு இழுத்ததும் ரீல் நரம்பை விட வேண்டும். மீன் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு, நரம்பு பழசு. நம் ஊர் வெயிலில் நைலான் நரம்பு சீக்கிரம் செத்துவிடும். வண்டி முன்பெட்டியிலும் மாடியிலும் கிடந்த நரம்பை நம்பாதீர்கள், ஒரு மழைக்காலத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள்.

## அறிகுறி 5: வீசும்போது நரம்பு கொத்தாக வருகிறது

ரீலில் நரம்பு விளிம்பு வரை நிரம்பியிருந்தால் இப்படித்தான் ஆகும். விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிற்கும்படி குறைத்துவிடுங்கள். அப்படியும் வந்தால் நரம்பு முறுக்கேறியிருக்கும்: முள், ஈயம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் நரம்பை ஓடும் தண்ணீரில் முப்பது நாற்பது அடி விட்டுக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் முறுக்கு தானாகக் கழன்றுவிடும். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு போகும்போது கைப்பிடியைச் சுற்றுவதுதான் முறுக்கேறக் காரணம்.

நரம்பு ஓடும் சின்ன உருளை சுழலாமல் நின்றுவிட்டால் ஒரு சொட்டு எண்ணெய் போதும். சுற்றும்போது நறநற சத்தம் வந்தால் ஆற்று மணல் உள்ளே போயிருக்கிறது. வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் துடைப்பதோடு நிறுத்துங்கள். சத்தம் அப்படியே இருந்தாலோ, கைப்பிடி பின்னோக்கிச் சுழன்றாலோ பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம், உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் துள்ளிப் போனால் தேடிக் கிடைக்காது. ரீல் விலையில் பாதிக்கு மேல் கூலி கேட்டால் புதிது வாங்குவது லாபம்.

## அறிகுறி 6: ஃப்ளை ராடில் வீச்சு முன்னே போகவில்லை

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பார்த்துவிட்டு ஃப்ளை ராட் (பூச்சிபோல் செய்த லேசான இரையான ஃப்ளையை வீசும் ராட்) வாங்கி வருகிறவர்கள் இப்போது சிலர் இருக்கிறார்கள். டிரவுட் குளிர்ந்த மலைத் தண்ணீருக்கான மீன். வெள்ளைக்காரர் காலத்தில் நீலகிரியில் கொண்டுவந்து விட்டது, நம் சமவெளி ஆற்றில் பிழைக்காது. ஆனால் மாலையில் பூச்சிக்காக மேலே வரும் சின்னக் கெண்டைகளுக்கு அதே ராட் அருமையாக வேலை செய்யும்.

நரம்பு முன்னால் குவியலாக விழுந்தால், பின்வீச்சில் காத்திருக்கவில்லை என்று பொருள். திரும்பிப் பாருங்கள், பின்னால் நரம்பு நேராக நீண்ட பிறகு முன்னே கொண்டுவாருங்கள். சாட்டைபோல் சொடுக்குச் சத்தம் கேட்டு நுனியில் ஃப்ளை காணாமல் போவதும் இதனால்தான். பின்னால் நரம்பு புல்லைத் தொட்டால் ராட் நுனியைத் தோளுக்குக் கீழே தாழ விடுகிறீர்கள். விழுந்த ஃப்ளை ஓட்டத்தைவிட வேகமாக இழுபட்டால், மிதக்கும் நரம்பைத் தூக்கி ஓட்டத்துக்கு மேல் பக்கம் வளைத்துப் போடுங்கள். பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் அன்றைக்கு இதை மடக்கி வையுங்கள்.

## அறிகுறி 7: முள் அடியில் சிக்கி வரவில்லை

குளத்தில் உடைமரத் தூர், ஆற்றில் பாறை இடுக்கு. இழுக்க இழுக்க இறுகும். நரம்பைத் தளர்த்திவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள், ஆற்றில் ஓட்டமே எடுத்துவிடும். வராவிட்டால் கரையோடு நடந்து எதிர்ப்பக்கத்திலிருந்து இழுங்கள். கையில் நரம்பைச் சுற்றி இழுக்கக் கூடாது, சதையை அறுத்துவிடும். துண்டில் சுற்றிப் பிடியுங்கள். எடுப்பதற்காகத் தண்ணீரில் இறங்காதீர்கள்.

அறுக்க வேண்டி வந்தால் முடிந்த அளவு நரம்பை மீட்டுச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். இதே மாதங்களில்தான் கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டி, சுற்றியுள்ள குளங்களுக்கு இரை தேடி வருகின்றன. கரையில் கிடக்கும் ஒரு முழ நைலான் அவற்றின் காலில் சுற்றினால் அவிழ்க்க யாரும் இல்லை. கூட்டில் குஞ்சும் பட்டினி கிடக்கும்.

## அறிகுறி 8: குத்திவிட்டது

கெளுத்தி முள். முதுகுமுள் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. குத்தினால் கடுகடுவென்று வலி ஏறும். முள் துண்டு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, கை பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள், வலி இறங்கும். கொதிநீர் வேண்டாம். வலியில் சூடு தெரியாது என்பதால் குத்துப்படாத கையால் முதலில் தொட்டுப் பாருங்கள்.

தூண்டில் முள். கொக்கிக்கு, அதாவது நுனியை ஒட்டிப் பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கூருக்கு, முன்பே நின்றிருந்தால் வந்த வழியே எடுத்துவிடலாம். கொக்கி சதைக்குள் போய்விட்டால் பிடுங்காதீர்கள். நரம்பை வெட்டி, முள் அசையாமல் துணியால் கட்டிக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மரத்துப்போக ஊசி போட்டு எடுப்பது மருத்துவருக்குச் சின்ன வேலை. கண்ணிலோ கண் பக்கத்திலோ பட்டால் எதையும் தொடாமல், ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்து அமுக்காமல் மூடி, 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டிலும் கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டது எப்போது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். மறுநாள் வீக்கம் மேலே ஏறினாலோ, சிவப்புக் கோடு ஓடினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே திரும்பப் போய்க் காட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மறுநாள்வரை காத்திருக்காமல் குத்திய அன்றே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.